யாருடைய முறை? வீடியோ பதிவேற்றத்துக்கு ஒரு நியாயமான வரிசை

வீடியோக்களைப் பதிவேற்றும் தளம் ஒன்றை நீங்கள் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு ஒரு டியூஷன் மையம் அந்த மாதத்து வகுப்புப் பதிவுகள் நாற்பதையும் ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறது. சில நொடிகள் கழித்து, சமையல் வீடியோ போடும் ஒருவர் இரண்டு பதிவுகளை ஏற்றுகிறார். அவருக்குப் பின்னால், வீணை கற்கும் மாணவி ஒருத்தி தன் ஆசிரியருக்குக் காட்ட ஒரு சிறு பதிவை ஏற்றுகிறாள். மறுநாள் மாலை 4.26 வரை அவள் திரையில் 'தயாராகிறது' என்ற அறிவிப்பு அப்படியே நிற்கிறது. சர்வர் விழவில்லை, நிரலில் பிழையும் இல்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்று எழுதிவைத்திருந்தீர்கள்; எழுதியபடியே நடந்தது.

அந்த விதியை எப்படி மாற்றி எழுதுவது என்று பார்ப்போம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

பதிவேற்றம் முடிந்த கணத்திலேயே வீடியோவை ஓடவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த கோப்பை அப்படியே எல்லோருக்கும் அனுப்ப முடியாது. ஒருவர் பெரிய டிவியில் பார்க்கிறார், இன்னொருவர் பஸ்ஸில் சிக்னல் வந்து போகும் இடத்தில் பார்க்கிறார். ஆகவே ஒரே வீடியோவை 1080பி, 720பி, 480பி, 360பி என்று பல தரங்களில் மறுபடி உருவாக்க வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்று சொல்லப்படும் இந்த வேலையைப் பெரும்பாலான இடங்களில் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள். 2000ஆம் ஆண்டில் ஃபேப்ரிஸ் பெல்லார் தொடங்கியது. இந்த வேலை செயலியைப் பிழிந்தெடுக்கும். ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை மணி நேரம் ஆவது சாதாரணம். அதனால் தளம் கோப்பை வாங்கிக்கொண்டு, 'இதை மாற்ற வேண்டும்' என்று ஒரு சீட்டு எழுதி வரிசையில் போட்டுவிடும். பின்னால் இருக்கும் சர்வர்களில் வொர்க்கர் எனப்படும் நிரல்கள் ஒவ்வொரு சீட்டாக எடுத்துச் செய்யும். அடுத்து எந்தச் சீட்டை எடுப்பது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

ஜெராக்ஸ் கடையில் நின்ற எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். முன்னால் நிற்பவர் நானூறு பக்கப் புத்தகத்தை நகலெடுக்கக் கொடுத்திருக்கிறார். நம் கையில் ஒரே ஒரு ஆதார் அட்டை. நல்ல கடைக்காரர் புத்தகத்தை நிறுத்திவிட்டு நம்முடையதை எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்படியானால் சின்ன வேலைக்கு முதலிடம் என்பதையே விதியாக்கிவிடலாமே என்று தோன்றும். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தேர்வு விண்ணப்பம் போடும் பருவத்தில் ஒற்றைப் பக்கக்காரர்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருப்பார்கள். புத்தகக்காரர் கடை மூடும்வரை நிற்க வேண்டியதுதான். தவிர, விவரமான ஒருவர் அடுத்த முறை தன் நானூறு பக்கங்களை ஒவ்வொன்றாக நீட்டுவார். எந்த விதி எழுதினாலும் அதை வளைக்கப் பார்ப்பவர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் கெட்ட எண்ணமே இல்லாமல்.

ஆளுக்கு ஒரு வரிசை

இந்தச் சிக்கலை முதலில் தீவிரமாக யோசித்தவர்கள் வீடியோக்காரர்கள் அல்லர், இணையத்தைக் கட்டியவர்கள். 1985 டிசம்பரில் ஜான் நேகில் எழுதிய ஆர்எஃப்சி 970 என்ற ஆவணம் இதைத்தான் பேசுகிறது. ஒரு ரூட்டரில் எல்லோருடைய தகவல் பொட்டலங்களும் ஒரே வரிசையில் நின்றால், அதிகமாக அனுப்புகிறவருக்கே அதிகம் கிடைக்கும். அடக்கமாக அனுப்புகிறவர் நசுங்கிப்போவார். நேகில் சொன்ன வழி எளிமையானது. அனுப்பும் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வையுங்கள். ரூட்டர் சுற்றி வந்து ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பொட்டலம் எடுக்கட்டும். ஒருவர் ஆயிரம் பொட்டலங்களைக் கொட்டினாலும் தன் வரிசையைத்தான் நீளமாக்கிக்கொள்கிறார்.

நம் தளத்திலும் அதையே செய்யலாம். டியூஷன் மையத்துக்கு ஒரு வரிசை, சமையல்காரருக்கு ஒன்று, மாணவிக்கு ஒன்று. ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது, மூவரும் நிற்கும்போது அது காலியாகிறது என்று கொள்வோம். டியூஷன் மையத்தின் வேலை ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம், மொத்தம் 40. சமையல் வீடியோ ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம். மாணவியுடையதற்கு 2 நிமிடம். பழைய முறையில் 1200, பிறகு 24, பிறகு 2 என்று 1226ஆவது நிமிடத்தில் மாணவிக்கு வீடியோ கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்றாகச் சுற்றி வந்தால் 30, 12, 2 என்று 44ஆவது நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது. எங்கே இருபது மணி நேரம், எங்கே முக்கால் மணி நேரம்!

ஆனால் இதிலும் ஒரு கோணல் இருக்கிறது. ஒரு சுற்றில் டியூஷன் மையம் 30 நிமிட சர்வர் நேரத்தை வாங்குகிறது, சமையல்காரர் 12தான் வாங்குகிறார். பெரிய வேலை கொண்டுவருபவருக்கு இன்னமும் ஆதாயம். 1989இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீநிவாசன் கேஷவ், ஸ்காட் ஷெங்கர் ஆகிய மூவரும் இதைத்தான் திருத்தினார்கள்: பொட்டலங்களை எண்ணாதீர்கள், அவற்றிலுள்ள பிட்டுகளை எண்ணுங்கள் என்றார்கள். (ஜெராக்ஸ் கடையைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன்: அந்தக் கட்டுரை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது.) அவர்கள் முறை கணக்குப் பார்க்கச் சற்று கனமானது. 1995இல் எம். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் அதையே மிகக் குறைந்த செலவில் செய்யும் வழியைக் கொடுத்தார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

படியளக்கும் முறை

ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் இருப்புக் கணக்கு. சுற்றி வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு படி அளக்கிறோம், 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வரிசையின் தலையில் நிற்கும் வேலைக்கு இருப்பு போதுமானால் வேலை நடக்கும், அந்த அளவு கழியும். போதாவிட்டால் இருப்பு அப்படியே நிற்க, அடுத்தவரிடம் போகிறோம்.

முதல் சுற்று. டியூஷன் மையத்துக்கு 10, வேண்டியது 30, போதவில்லை. சமையல்காரருக்கு 10, வேண்டியது 12, போதவில்லை. மாணவிக்கு 10, வேண்டியது 2. வேலை நடக்கிறது, 2ஆவது நிமிடத்தில் அவள் வீடியோ தயார். இரண்டாவது சுற்றில் டியூஷன் மையத்தின் இருப்பு 20, இன்னும் போதவில்லை. சமையல்காரருக்கும் 20. அவருடைய முதல் வீடியோ 14ஆவது நிமிடத்தில் முடிகிறது, இருப்பில் 8 மிச்சம். மூன்றாவது சுற்றில் டியூஷன் மையத்துக்கு 30 சேர்ந்துவிட்டது. முதல் வகுப்பு 44ஆவது நிமிடத்தில் முடிகிறது. சமையல்காரருக்கு 8உம் 10உம் சேர்ந்து 18. இரண்டாவது வீடியோ 56இல் முடிகிறது. அதன் பிறகு களத்தில் டியூஷன் மையம் மட்டும்தான். மீதி முப்பத்தொன்பது வகுப்புகளும் தடையில்லாமல் ஓடும். சுற்றுகள் வெறும் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். யாருக்கும் போதாத சுற்றில் சர்வர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, கணக்கு மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும்.

இப்போது டியூஷன் மையத்தின் பக்கம் நின்று பாருங்கள். பழைய முறையில் அதன் நாற்பதும் முடிய 1200 நிமிடம். புதிய முறையில் 1226. இருபது மணி நேர வேலையில் 26 நிமிடத் தாமதம், அவ்வளவுதான். மற்ற இருவருக்கும் மிச்சமானதோ சுமார் இருபது மணி நேரம். நியாயமான வரிசை வைத்தால் பெரிய வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்குபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஒரு சிறு விதி பாக்கி இருக்கிறது. ஒருவரின் வரிசை காலியானால் அவரது இருப்பைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் எதுவும் ஏற்றாதவர் இருப்பைச் சேர்த்துவைத்து, ஒருநாள் வந்து எல்லோரையும் தள்ளிவிடுவார். அதேபோல் பழைய கடனும் தொடராது. காலையில் ஐந்நூறு வீடியோ ஏற்றியவரும் இன்று முதல்முறை வருபவரும் மாலையில் சமம். இது சரிதானா என்று சிலர் கேட்பதுண்டு. சரி என்பதே என் கட்சி. காலையில் யாரும் கேட்காத நேரத்தை அவர் எடுத்துக்கொண்டார். அதற்காக மாலையில் தண்டிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

வேலையின் எடை

இதுவரை '30 நிமிட வேலை' என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல் எழுதினேன். நிஜத்தில் கோப்பு மட்டும்தான் கையில் இருக்கும். கோப்பின் மெகாபைட்டை வைத்து எடை போடுவது பலரும் செய்வது, ஆனால் அது சரிவராது. கரும்பலகை மட்டும் தெரியும் ஒரு மணி நேர வகுப்பு சிறு கோப்பாகச் சுருங்கிவிடும். 4கே தரத்தில் எடுத்த மூன்று நிமிடக் கடற்கரைக் காட்சி அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

புள்ளிகளை எண்ணுவது மேல். 1080பி படம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். 360பி படத்தில் 2,30,400. சரியாக ஒன்பது மடங்கு வித்தியாசம். 4கே என்றால் 360பியைப்போல் 36 மடங்கு. உருவாக்கப்போகும் ஒவ்வொரு தரத்துக்கும் புள்ளிகள், நொடிக்கு எத்தனை படம், மொத்தம் எத்தனை நொடி ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டினால் தோராயமான எடை கிடைக்கும். எஃப்எஃப்எம்பெக்குடன் வரும் எஃப்எஃப்புரோப் என்ற கருவி இந்த விவரங்களைக் கோப்பின் தலைப்பிலிருந்தே பெரும்பாலும் நொடியில் சொல்லிவிடும். ஏவி1 போன்ற புதிய வீடியோ வடிவத்துக்கு மாற்றுவதானால், பழைய வடிவமான எச்.264ஐவிட வேலை கனம். அதற்கு ஒரு பெருக்கு எண் சேர்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கவனித்தாலும் மதிப்பீடு தப்பும். அதனால் பிறகு சரிக்கட்டுங்கள். 10 நிமிடம் என்று கழித்த வேலை 14 நிமிடம் எடுத்தால் மேலும் 4ஐக் கழியுங்கள், இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் பரவாயில்லை. 7இல் முடிந்தால் 3ஐத் திருப்பிக் கொடுங்கள். இந்த ஒரு வரி இருந்தால் எடைச் சூத்திரத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

நறுக்கினால்தான் வழி

மேலே பார்த்த கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு வேலை தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவதில்லை என்ற ஓட்டை அதில் இருக்கிறது. வகுப்பு வீடியோ ஓடத் தொடங்கிய மறுநொடி மாணவி வந்தால் 30 நிமிடம் நிற்க வேண்டும். பத்து சர்வர் வைத்தாலும் தீராது. ஆளில்லாத இரவில் டியூஷன் மையத்தின் பத்து வேலைகள் பத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

எளிய மருந்து, ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்று வொர்க்கர்தான் என்று உச்சவரம்பு வைப்பது. ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம், உடனே பலன் தெரியும். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இதிலேயே தொடங்குங்கள். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு ஏழு சர்வர்கள் தூங்க, டியூஷன் மையம் மூன்றை வைத்துக்கொண்டு தவழ்ந்துகொண்டிருக்கும். வாடகை என்னவோ பத்துக்கும் கொடுக்கிறீர்கள்.

சரியான மருந்து வீடியோவையே துண்டுகளாக்குவது. வீடியோவில் இது இயல்பாகவே முடியும். ஒவ்வொரு படமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு முழுப்படம் இருக்கும், இடைப்பட்டவை அக்கம்பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். அந்த முழுப்படத்துக்குக் கீஃபிரேம் என்று பெயர். கீஃபிரேமில் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தன்காலில் நிற்கும், தனி வேலையாக எந்த சர்வரிலும் ஓடும். பார்ப்பவருக்கு வீடியோ போய்ச்சேருவதும் துண்டு துண்டாகத்தான்: 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் இப்போது பரிந்துரைக்கப்படும் துண்டின் நீளம் 6 நொடி. நீங்கள் அவ்வளவு பொடியாக நறுக்க வேண்டியதில்லை. சர்வருக்கு ஒன்றிரண்டு நிமிடம் வேலை வைக்கும் துண்டு போதும். இனி யார் வந்தாலும் ஒரு துண்டு முடியும்வரைதான் காத்திருப்பு, இருக்கும் சர்வர்கள் எல்லாவற்றையும் தனியாளுக்குக் கொடுத்துவைத்தாலும் பயமில்லை.

ஒலியை மட்டும் வெட்டாதீர்கள். ஒலிச் சுருக்க முறைகள் தொடக்கத்தில் சிறிது வெற்று ஒலியைச் சேர்க்கும். துண்டுகளை ஒட்டினால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்கும். ஒலிக்கு வேலை குறைவு என்பதால் முழுதாகச் செய்து பிறகு சேர்த்துக்கொள்வதே நிம்மதி. வீணைப் பதிவில் அந்த 'டிக்' விழுந்தால் மாணவியின் ஆசிரியர் சும்மா விடமாட்டார்.

பெரிய தளங்கள் இந்த வழியில்தான் போயிருக்கின்றன. ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் எஸ்விஇ என்ற வீடியோ செயலாக்க அமைப்பைப் பற்றி 2017இல் வெளியிட்ட கட்டுரை, முழு வீடியோவையும் ஒரே நிரல் மென்றுகொண்டிருந்த பழைய அமைப்பை விட்டு, துண்டுகளாக, அதுவும் பதிவேற்றம் முடியும் முன்பே செய்யத் தொடங்கியதை விவரிக்கிறது. யூடியூபில் புதிதாக ஏற்றிய வீடியோ முதலில் மங்கலாகவும் பிறகு தெளிவாகவும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். குறைந்த தரம் முதலில் தயாராகிறது, உயர்ந்த தரங்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீடியோவுக்கும் 360பி வேலையைத் தனியாக முன்னால் வையுங்கள். அதன் எடை மிகக் குறைவு. ஆனால் அது முடிந்தவுடன் வீடியோவின் இணைப்பை அனுப்பிவிடலாம், பயனருக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

யார் அந்த 'ஒருவர்'?

ஆளுக்கு ஒரு வரிசை என்றவுடன் ஆள் யார் என்ற கேள்வி வரும். கணக்குப் பெயரை வைத்தால், ஒருவரே ஐம்பது இலவசக் கணக்கு திறந்து ஐம்பது பங்கு வாங்கலாம். மாறாக, ஐம்பது ஆசிரியர்கள் உள்ள ஒரு கல்லூரியை ஓர் ஆளாக எண்ணினால் உள்ளே ஒருவருக்கொருவர் முட்டிக்கொள்வார்கள். இரண்டு அடுக்கு வைப்பது உண்டு: முதலில் நிறுவனங்களுக்கிடையே படியளப்பு, பிறகு ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் அதன் பயனர்களுக்கிடையே. இலவசக் கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிறுவனமாகப் பாவித்தால், போலிக் கணக்குகளின் சேட்டை அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

காசு கொடுப்பவருக்குச் சலுகை வேண்டும் என்று வணிகப் பிரிவு கேட்கும், கேட்பதில் தவறில்லை. அவர்களுக்குப் பெரிய படி கொடுங்கள்: இலவசத்துக்கு 10 என்றால் சந்தாதாரருக்கு 40. சந்தாதாரர் எல்லோரும் முடிந்த பிறகே இலவசம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். சந்தாதாரர்களே சர்வர் முழுவதையும் நிரப்பும் ஒரு மாலையில் இலவசப் பயனரின் வீடியோ அசையவே அசையாது. நாளைய சந்தாதாரர் இன்றைய இலவசப் பயனர்களிலிருந்துதானே வர வேண்டும்?

தோற்ற வேலைகளை வரிசையில் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கைக் கவிழ்க்கும் கெட்டுப்போன கோப்பு எந்தத் தளத்துக்கும் வந்தே தீரும். அது தோற்று, வரிசையின் தலைக்குத் திரும்பி, மறுபடி தோற்று என்று சுற்றினால் அடுத்தவர் நேரத்தைத் தின்னும். தோற்ற முயற்சியின் நேரத்தையும் அந்தப் பயனர் கணக்கிலேயே எழுதுங்கள், மூன்று முறைக்குமேல் தோற்றால் தனியே ஒதுக்கிவையுங்கள். இன்னொரு பொறியும் உண்டு. அமேசான் வாடகைக்குத் தரும் எஸ்க்யூஎஸ் என்ற வரிசைச் சேவையில், எடுத்த சீட்டை முடித்துவிட்டேன் என்று சொல்லாவிட்டால் இயல்பாக 30 நொடியில் அது மறுபடி மற்ற வொர்க்கர்களின் கண்ணில் படும். இருபது நிமிட வேலையை இந்த இயல்பு நிலையிலேயே விட்டால் ஒரே வீடியோவைப் பல சர்வர்கள் தனித்தனியே மாற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கெடுவை 12 மணி நேரம் வரை நீட்டலாம். வேலை நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது நல்லது. பலரும் பகிரும் வரிசைகளில் ஒருவர் மற்றவர்களை நசுக்காமல் பார்க்கும் வசதியை 2025இல் எஸ்க்யூஎஸ்ஸே கொண்டுவந்தது. ஆனால் வேலையின் எடையைப் புள்ளிகளில் பார்க்கும் கணக்கு உங்களுடையதாகத்தான் இருக்க முடியும்.

சொந்தமாகக் கட்ட ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போதும். 2016இல் வந்த 9.5ஆம் பதிப்பிலிருந்து அதில் 'ஸ்கிப் லாக்டு' என்ற வசதி இருக்கிறது: ஒரு வொர்க்கர் கைவைத்த சீட்டை மற்றவை தாண்டிப் போய் அடுத்ததை எடுக்கும், இரண்டு பேர் ஒரே வேலையைப் பிடிக்கும் சண்டை இல்லை. சுற்று, படி என்று எழுதச் சோம்பலாக இருந்தால் இன்னொரு வடிவம் உண்டு. ஒவ்வொருவரும் இதுவரை எவ்வளவு நேரம் வாங்கினார் என்று ஓர் எண் வைத்து, மிகக் குறைவாக வாங்கியவரின் வேலையை எடுப்பது. 2007இல் இங்கோ மோல்னார் லினக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிய சிஎஃப்எஸ் என்ற அட்டவணையாளர் நிரல்களுக்கிடையே செயலியைப் பங்கிட்டது இப்படித்தான். 2023 வரை அதுவே லினக்ஸில் ஓடியது. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: புதிதாக வருபவரின் எண்ணைப் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள். வருடக்கணக்கில் இருப்பவர்களின் அளவை எட்டும்வரை அவரே சர்வரைப் பிடித்துக்கொள்வார். அப்போது வரிசையில் நிற்பவர்களில் மிகக் குறைந்த எண் எதுவோ, அதிலேயே அவரையும் தொடங்க வேண்டும்.

எல்லாம் செய்த பிறகும், ஒரு மணி நேரத்தில் 12 மணி நேர வேலை வந்து, பத்து சர்வர்தான் இருக்கிறது என்றால் எந்த வரிசையும் காப்பாற்றாது. நியாயமாக எல்லோரும் காத்திருப்பார்கள். அப்போது சர்வர் வாங்க வேண்டும், அல்லது பதிவேற்றத்துக்கு அளவு வைக்க வேண்டும். எது நடக்கிறது என்று அறிய, சராசரிக் காத்திருப்பை நம்ப வேண்டாம். டியூஷன் மையத்தின் நாற்பது வேலைகள் சேர்ந்து அந்தச் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடும். மாணவி அதில் காணாமல் போவாள். ஒவ்வொரு பயனருக்கும் காத்திருந்த நேரத்தை அவர் வேலையின் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைக்கு 1224 நிமிடம் நின்றவளுக்கு அது 612. டியூஷன் மையத்தின் கடைசி வகுப்புக்கே அது 39தான். இந்த எண்ணில் மோசமான இருபது பேரைத் தினமும் பட்டியலிட்டால் வரிசையின் உடல்நிலை தெரிந்துவிடும்.

பயனருக்கு என்ன காட்டுவது? 'உங்களுக்கு முன்னால் 43 பேர்' என்ற பலகையை எடுத்துவிடுங்கள். இந்த முறையில் அந்த எண் குறையவேண்டும் என்று கட்டாயமில்லை. புதியவர் ஒருவர் சிறு வேலையோடு வந்தால் 43 என்பது 44 ஆகும், பார்ப்பவர் கொதித்துப்போவார். 'சுமார் 5 முதல் 10 நிமிடம், பக்கத்தை மூடிவிடலாம், தயாரானதும் மின்னஞ்சல் வரும்' என்று எழுதுங்கள். நேரத்தைச் சற்றுத் தாராளமாகவே சொல்லுங்கள். பத்து என்று சொல்லி ஆறில் முடித்ததற்கு யாரும் புகார் எழுதுவதில்லை.